பியர்க்கொடிப் பூ

இலங்கையில் ஹேவாஹெட்ட மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரைக்குச் சொந்தமாகப் பியர் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. துரைமாருக்கு வருகிற ஆசையெல்லாம் கடைசியில் எவனாவது ஒரு கூலிக்காரன் முதுகில்தான் வந்து இறங்கும். இது பங்களாத் தோட்டக்காரன் சின்னமுத்துவின் முதுகில் இறங்கியது.

கண்டிக் கடைகளில் கப்பலில் வந்த பியர் போத்தல் போத்தலாகக் கிடைக்கத்தான் செய்தது. துரை அதைத் தொடமாட்டார். அதெல்லாம் செத்த பியர் என்பார். அவருடைய ஊரில் கொடியில் பறித்த பூவை அன்றைக்கே, ஈரம் காயுமுன், கொதிக்கிற அண்டாவில் கொட்டிக் காய்ச்சுவார்களாம். அந்த வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறதாம். அதற்காகச் சீமையிலிருந்து பாசியில் சுற்றிய வேர்த்துண்டுகளை வரவழைத்து, பங்களாவின் பின்புறம் பாறைச் சரிவை ஒட்டி நட்டு வைத்தார். அந்தக் கொடிக்கு ஹொப்ஸ் என்று பேர். லயம் என்கிற வரிசை வீடுகளின் ஒற்றை அறைக் காம்பராக்களில் இருந்த சனம் அதைப் பியர்க்கொடி என்றது.

கொடி நன்றாகத்தான் ஏறியது. உயரமான கம்புகளை நட்டுத் தென்னங்கயிறு தொங்கவிட்டால் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மேலே மேலே போகும். தண்டு முழுக்கச் சொரசொரவென்று பொடி முள். கை பட்டால் கீறல் விழும், தண்ணீர் பட்டால் காந்தும். ஆனால் பூ என்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றும்தான், அதுவும் சூம்பிப் போய். அவர்கள் ஊரில் கோடைகாலத்தில் இராத்திரிச் சோற்று நேரம் வரைக்கும் வெளிச்சம் இருக்குமாம், இங்கே சீக்கிரமே இருட்டிவிடுவதால் கொடிக்குக் கணக்குத் தப்பிப் போகிறதாம். துரை ஏதோ புத்தகத்தைப் படித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் கொடிக்கு முன்னால் பெரிய பெரிய லாம்புகளைக் கொளுத்தி வைக்கச் சொன்னார். பகல் இன்னும் முடியவில்லை என்று கொடியை நம்ப வைக்கத்தான் இந்த ஏற்பாடு. லயத்தில் சிரித்து மாளவில்லை. பிள்ளை பெற்ற காம்பராவில் விளக்குக்கு எண்ணெய் இல்லை, பாறையடியில் கொடிக்குத் திருவிழா நடக்கிறது என்றார்கள். லாம்புக்கு எண்ணெய் ஊற்றி, திரி திருத்தி, காவல் இருக்கிற வேலை சின்னமுத்துவுக்கு.

அப்படி அவன் லாம்புக்குக் காவல் இருந்த ஐப்பசி அடைமழையில்தான் அவனுடைய ஒரே மகள் வீரம்மா செத்துப்போனாள். நடக்கப் பழகியிருந்த பிள்ளை. காலையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விடும்போதே உடம்பு சுட்டது. அவன் பெண்சாதி பாலம்மா தயங்கினாள். மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. போனாள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தூக்கியபோது பிள்ளைக்குக் கண் செருகியிருந்தது. மறுநாள் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, ஓடைக்கரை மேட்டில் குழி தோண்டினார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. இறைத்து இறைத்துத்தான் வைத்தார்கள்.

பாலம்மா அழுதது கொஞ்சம்தான். வீட்டுக்கு வந்து ஈரச் சேலையோடு சுவரில் சாய்ந்துகொண்டு சின்னமுத்துவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“என்னைய இங்கருந்து எங்கயும் கூட்டிட்டுப் போயிராதீங்க. அவ தனியா கெடப்பா.”

“எங்க போகப் போறோம்?” என்றான் அவன்.

அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. படுப்பாள், கண்ணை மூடுவாள், உடனே எழுந்து உட்கார்ந்து பக்கத்தில் தடவிப் பார்ப்பாள். லாம்பை அணைத்துவிட்டு அவன் வரும்போதெல்லாம் சாக்கின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, கூப்பிட்டால் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் திரும்புவாள். கசகசா அரைத்துக் கொடுத்தான். பூசாரியிடம் திருநீறு வாங்கிப் பூசினான். தோட்டத்து மருந்துக்காரர் ஒரு தண்ணி மருந்து கொடுத்தார், அது வாயை மட்டும் கசக்க வைத்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். தேயிலை விலை தரைக்கு வந்து, தோட்டந்தோட்டமாகப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து குறைகிறவர்கள், இருமுகிறவர்கள், வாய் நீண்டவர்கள் என்று பார்த்துப் பார்த்து வெட்டினார்கள். வெட்டுப்பட்டவர்களுக்குப் பத்துச்சீட்டு என்கிற விலகல் சீட்டைக் கொடுத்து, குடும்பத்தோடு கண்டியில் ரயிலேற்றி, தலைமன்னாரில் கப்பலேற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். ஒருவருக்குச் சீட்டென்றால் புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் சீட்டுத்தான்.

தை பிறந்து ஒரு நாள் காலை, பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் கங்காணி பொன்னையா சின்னமுத்துவை ஓரமாகக் கூப்பிட்டார். பொன்னையா கெட்ட மனுஷன் அல்ல. நல்லவராக இருக்க அந்த வேலையில் இடமில்லை, அவ்வளவுதான்.

“ஒம் பொஞ்சாதி நேத்து எடுத்த கொழுந்தப் பாத்தியா?”

“இல்லீங்கய்யா.”

“முத்தல் பாதி, காம்பு பாதி. அதக் கொழுந்துன்னு சொல்லி நிறுக்க எனக்கே கூச்சமா இருக்கு. நிக்கிறது தூங்கிக்கிட்டா முழிச்சிக்கிட்டான்னு தெரியல. நேத்து மேக்கால பாறை விளிம்புகிட்ட நெரை முடிஞ்ச பொறகும் அது பாட்டுக்கு நடந்து போவுது. பக்கத்து நெரைக்காரி கூடையப் புடிச்சு இழுத்ததால பொழச்சிச்சு.”

“புள்ள போனதுலருந்து கண்ணு மூடலீங்க.”

“தெரியாமயா பேசுறேன்? நானும் ரெண்ட மண்ணுல போட்டவந்தான். ஆனா அடுத்த வெட்டுக்கு எம் பிரட்டுலருந்து ஆள் கேக்குறாரு கிளாக்கரு. மாசிக்குள்ள அவ கையி தேறணும். தேறலேன்னா நா எவனக் காட்டுவேன், நீயே சொல்லு.”

அவன் தலையை ஆட்டிவிட்டுப் பங்களாவுக்கு நடந்தான். வழியெல்லாம் அந்தப் பாறைதான் கண்ணில் நின்றது. பேர் வெட்டுப்பட்டால் அக்கரை, வெட்டுப்படாவிட்டால் பாறை. இரண்டுக்கும் நடுவில் அவளை நிறுத்தி வைக்க ஒரு தூக்கம் போதும். அதை எங்கே போய் வாங்குவது?

மார்கழி முடிந்ததும் துரை லாம்புகளை நிறுத்தச் சொல்லியிருந்தார். ஏமாந்த கொடி இப்போது நிஜமாகவே பூத்தது. கிளைக்குக் கிளை கொத்துக் கொத்தாக, பச்சைத் தாளை அடுக்கடுக்காக மடித்துச் செய்த சின்னக் கூம்புகள். பிய்த்துப் பார்த்தால் அடியில் மஞ்சள் பொடி ஒட்டும். வாசம் என்று சொல்வதா, நாற்றம் என்று சொல்வதா என்று தெரியாத ஒரு காரநெடி. துரை காலையிலும் மாலையிலும் வந்து பூவை விரலால் அமுக்கிக் காதருகே வைத்துக் கேட்பார். காய்ந்த சத்தம் வந்தால் பதமாம். இன்னும் வரவில்லை.

பங்களாச் சமையல்காரர் இராமையா பின்கட்டில் நின்று புகைத்துக்கொண்டே சொன்னார்.

“இது பியருக்கு மட்டுந்தான்னு நெனைக்காத தம்பி. தொரசாணிக்கு முந்தாநேத்து தூக்கம் புடிக்கல. தொரையே ஓடியாந்து உதுந்த பூவப் பொறுக்கிக் குடுத்து, வெந்நியில போட்டு மூடி வச்சு, தேன் ஊத்திக் குடுன்னாரு. குடிச்சிட்டுப் படுத்த மனுசி காலைல நாய் கொலச்ச கொலைப்புக்குக்கூட எந்திரிக்கல.”

சின்னமுத்து மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். “அண்ணே, எனக்கு ஒரு கையளவு...”

“அந்தப் பேச்சே வேணாம். மாசிக் கடேசில சுத்துவட்டாரத் தொரமாரு பூரா வாராங்க. அதுக்கு முந்தி பச்சப் பூவுல காச்சி வைக்கணும்னு தலைகீழா நிக்கிறாரு. பூவு பத்துமா பத்தாதான்னு அவருக்கே சந்தேகம்.”

“பாலம்மாவுக்குத்தான் அண்ணே.”

இராமையா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு சுருட்டைக் கீழே போட்டு மிதித்தார். “நா ஒண்ணும் பாக்கல. ஆனா நா குடுக்கவும் மாட்டேன். எனக்கும் வீட்டுல புள்ளகுட்டி இருக்கு.”

அன்று சாயங்காலம் கயிறு திருத்துகிற சாக்கில் சின்னமுத்து கொடிக்கும் பாறைக்கும் இடையில் நுழைந்தான். அங்கே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம். துரை அந்தப் பக்கம் வரமாட்டார். ஒரு கையளவு பூவைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்தான்.

காம்பராவில் அடுப்பை மூட்டி, பூவைக் கொதிநீரில் போட்டு, தட்டால் மூடி வைத்தான். நெடி இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் போனது. பாலம்மா மூக்கைச் சுளித்தாள். அவள் எதற்காவது முகம் சுளித்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

“என்னாது இது?”

“மருந்து. தொர குடுத்தாரு.”

“தொரயா? எனக்கா?”

“ஒனக்குன்னு சொல்லித்தான் குடுத்தாரு. கருப்பட்டியக் கடிச்சிக்கிட்டு குடி.”

ஒரு மிடறில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “வேப்பங்கொட்டையே தேவல,” என்றாள். ஆனாலும் குடித்து முடித்தாள். பிறகு வழக்கம்போலச் சாக்கில் உட்கார்ந்தாள். சின்னமுத்து ரொட்டி தட்டினான். தட்டிக்கொண்டே ஏதோ கேட்டான், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால், உட்கார்ந்தபடியே சரிந்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் கையில் மாவோடு அப்படியே நின்றான். ரொட்டி கருகுகிற வாசம் வந்தபின்தான் அசைந்தான். கருகிய ரொட்டியைத் தின்றுகொண்டு அழுதான். அழுகை அவனுக்குச் சுகமாக இருந்தது.

அதன் பிறகு தினமும் பூ. வாடிய பூவை ஒருநாள் போட்டுப் பார்த்தான், அவளுக்குக் குமட்டியது. அன்றன்று கிள்ளிய பச்சைப் பூ என்றால்தான் இறங்கியது. அவள் தேறினாள். முதலில் தலை சீவிக்கொண்டாள். பிறகு சம்பலுக்கு உப்புப் போதாது என்று சொன்னாள். ஒருநாள் பக்கத்துக் காம்பராக்காரியோடு தண்ணீர்ப் பீலிக் குழாயடியில் சண்டை போட்டாள். அந்தச் சண்டையை இஸ்தோப்பில் நின்று கேட்ட சின்னமுத்துவுக்கு நாதஸ்வரம் கேட்பதைப்போல இருந்தது. கூடை நிறைந்தது. பொன்னையா நிறுவையில் அவள் கொழுந்தை அள்ளிப் பார்த்துவிட்டு, “இது கொழுந்து,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

காலையில் மலைக்குப் புறப்படுமுன் பாலம்மா பங்களா இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். சின்னமுத்து வேறு பக்கம் பார்ப்பான்.

அவனுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தை அமுக்கி வைக்க அவனிடம் ஒரு சமாதானம் இருந்தது. பூ மறுபடி வரும். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மாதிரி ஆளாகிவிட்டவன் அவன். இன்றைக்குக் கிள்ளின நிரைக்கு ஏழெட்டு நாளில் திரும்பி வந்தால் கிள்ளின இடத்தில் தளிர் நிற்கும். எடுக்க எடுக்கத் தேயிலை கொடுக்கும், எடுக்காமல் விட்டால்தான் முற்றிப்போகும். செடி என்றால் அவனுக்குத் தெரிந்த செடி அதுதான். கொடியின் பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக, நிரை பிடித்த மாதிரி, ஒழுங்காகக் கிள்ளி வந்தான். கீழே வந்து சேரும்போது மேலே தளிர்த்திருக்கும் என்று கணக்கு. கிள்ளுவது கொடிக்கும் நல்லதுதான் என்றுகூட நினைத்தான். மேலே பார்த்தான். காம்பு மட்டும் நின்றது. குளிர் அதிகம், இரண்டு நாள் பிந்தும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கீழே கிள்ளினான்.

மாசிக் கடைசி நெருங்கியபோது திகனவிலிருந்து ஹாஷிம் நானா மாட்டுவண்டியில் வெறும் போத்தல் மூட்டைகளோடு வந்து சேர்ந்தார். பழைய போத்தல் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி. துரையின் பியரை அடைக்கப் போத்தல் வேண்டியிருந்தது. சின்னமுத்துதான் மூட்டை இறக்கினான்.

“இதுக்குள்ள எனத்த ஊத்தப் போறீங்கன்னு நான் கேக்கவும் இல்ல, அவங்க செல்லவும் இல்ல,” என்றார் நானா. “நான் விக்கிறது வெறும் போத்தல். வெறும் போத்தல்ல ஹராம் இல்ல.” சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்தார். “இங்கயும் இந்தக் கொடி ஈக்கா? நுவரெலியாப் பக்கம் ஒரு தொரட பங்களாவுலயும் கண்டேன். வருஷத்துக்கு ஒருக்கா பூக்குமாம், அத்தோட சரி. பறிச்ச கையோட கொடிய அடியோட வெட்டிப் போட்டுட்டாங்க.”

சின்னமுத்து மூட்டையைத் தரையில் வைத்தான். உள்ளே போத்தல்கள் கடகடத்தன.

“கிள்ளினா மறுக்கா தளிர்க்காதா நானா?”

“இதென்ன தேயிலயா தம்பி?” என்றார் ஹாஷிம் நானா.

அவருக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சின்னமுத்து பாறைக்கும் கொடிக்கும் இடையில் போய் நின்று அண்ணாந்து பார்த்தான். கிளை கிளையாக மொட்டைக் காம்புகள். முன்பக்கம் பூத்துக் குலுங்குகிற கொடி பின்பக்கம் முழுக்க உரித்துப்போட்ட மாதிரி நின்றது. இத்தனையும் அவன் கைதான் செய்தது. அன்று சாயங்காலமும் ஒரு கையளவு கிள்ளினான். கிள்ளாமல் போனால் அவள் தூங்கமாட்டாள். இனிக் கிள்ளினாலும் ஒன்றுதான், கிள்ளாவிட்டாலும் ஒன்றுதான் என்ற இடத்துக்கு வந்துவிட்டவனுக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

மறுநாள் காலை துரை பூவை அமுக்கிக் காதில் வைத்தார். காய்ந்த சத்தம் வந்துவிட்டது. சந்தோஷத்தில் கொடியைச் சுற்றி வந்தவர், ஒருநாளும் இல்லாத வழக்கமாகப் பாறைப் பக்கமும் தலையை நீட்டினார்.

ஆபீஸ் வாசலில் சின்னமுத்துவை நிறுத்தினார்கள். துரை கதிரையில் உட்கார்ந்திருந்தார். பெரிய கிளாக்கர் திருச்செல்வம் பக்கத்தில் நின்றார். யாழ்ப்பாணத்து மனுஷர், குரலை உயர்த்த மாட்டார். பொன்னையா கொஞ்சம் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“துரை கேக்கிறார்,” என்றார் கிளாக்கர். “பூவைப் புடுங்கினது ஆர்?”

குரங்கு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இவ்வளவு ஒழுங்காக நிரை பிடித்துக் கிள்ளுகிற குரங்கு எந்தக் காட்டிலும் இல்லை. “நாந்தாங்க,” என்றான்.

“ஏன் எண்டு கேக்கிறார். லயத்துக்குள்ள களவாய்ச் சாராயம் வடிக்கிறியளோ?”

“இல்லீங்கய்யா. பொஞ்சாதிக்குத் தூக்கம் இல்லீங்க. புள்ள செத்ததுலருந்து. கசாயம் வச்சுக் குடுத்தேங்க.”

கிளாக்கர் அதைத் துரைக்கு இங்கிலீசில் சொன்னார். துரையின் சொந்தக் கைதானே துரைசாணிக்குப் பூ பொறுக்கிக் கொடுத்தது. நம்பாமல் இருக்க அவரால் முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நம்பியதால் கோபம் குறைந்ததாகவும் தெரியவில்லை. கடைசியில் ஏதோ சொன்னார்.

“கேட்டிருக்கலாமே எண்டு சொல்லுறார்,” என்றார் கிளாக்கர்.

துரையிடம் நேராகப் போய் ஒன்று கேட்ட ஆளை அந்தத் தோட்டத்தில் சின்னமுத்து கண்டதில்லை.

துரை மறுபடி பேசினார். பொன்னையா முன்னால் வந்து, “அந்தப் பொம்பள இப்ப நல்ல கையிங்க. அதுமேல தப்பு இல்லீங்க,” என்று கிளாக்கரிடம் சொன்னார். அதற்கும் துரை ஏதோ சொன்னார்.

“கேள், சின்னமுத்து,” என்றார் கிளாக்கர். “உனக்குச் சீட்டுக் குடுக்கச் சொல்லிப்போட்டார். நாளைக்கு விடிய மற்ற ஆக்களோட கண்டிக்குப் போறாய். மனுசி நல்லாக் கொழுந்து எடுக்கிறாளாம். அவள் விரும்பினால் இருக்கலாம், இல்லாட்டி உன்னோட சேத்து அவளுக்கும் சீட்டு. பின்னேரம் நிறுவையில அவளிட்டையே கேட்டு எழுதுவம். இப்ப போய், மிச்சம் இருக்கிற பூவைப் பறிச்சுக் குசினியில குடு. அது முடிஞ்சுதான் உனக்கு வேலை முடியும்.”

உச்சிப்பொழுது வரைக்கும் அவன் பூப் பறித்தான். கையெல்லாம் கீறல். பறித்த பூ அண்டாவுக்குப் பாதியும் வராது என்று இராமையா முணுமுணுத்தார். கூடையைக் கொடுக்கும்போது இராமையா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஒரு பிடி எடுத்துக்க,” என்றார். சின்னமுத்து கூடைக்குள் கையை விட்டான். பிறகு எடுத்துக்கொண்டான். அது ஒரு பிடி. ஒரு நாளைக்குக் காணும்.

ரொட்டியும் சம்பலும் துணியில் கட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போனான். பாலம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, செடி கீறாமல் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கைத் தளர்த்திக்கொண்டு பாதையோரம் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஓடைக்கரை மேடு தெரியும். வெயில் ஏறியும் குளிர் போகவில்லை.

“என்னா, நீங்களே சோறு தூக்கிட்டு வந்துட்டீங்க?”

அவன் சொன்னான். முதலிலிருந்து சொன்னான். பாறைப் பக்கம், மடி, கசாயம், ஹாஷிம் நானா, ஆபீஸ் எல்லாம். அவள் ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள், பிய்த்ததை வாயில் போடவில்லை.

“களவாண்டதா?” என்றாள்.

“கேட்டா குடுத்திருப்பாங்களா?”

“தொர குடுத்தாருன்னீங்களே. நா தெனம் அந்தப் பங்களாவப் பாத்துக் கும்புட்டேனே.”

“பின்ன என்னாத்த செய்யச் சொல்ற? நீ பாறையில போயி நின்னன்னு கங்காணி சொன்னாரு. என் ஈரக்குலையே நடுங்கிப்போச்சு.”

“தூக்கம் வேணும்னு நா கேட்டனா? நா ஒங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு.”

“விழுந்து செத்திருந்தீன்னா?”

“செத்திருந்தா இங்கதான கெடந்திருப்பேன்,” என்றாள் பாலம்மா.

“நாளைக்கு விடிய வண்டி வருதாம்,” என்றான்.

“ரெண்டு பேத்துக்குமா?”

இங்கேதான் அவன் பொய் சொன்னான். இரண்டாவது பொய். வாய் தானாகவே சொல்லிவிட்டது. “ரெண்டு பேத்துக்குந்தான். ஒருத்தருக்குன்னா ரெண்டு பேத்துக்கும்னு ஒனக்குத் தெரியாதா?”

அவள் ஓடைக்கரையைப் பார்த்தாள்.

“ஊருல சித்தப்பா மக்க இருக்காங்க,” என்றான் அவசரமாக. “துறையூர்ப் பக்கம். நெலம் கெடக்காம். மழ இல்லேன்னாலும் வெயிலு இருக்கும். இந்தக் குளிரு கெடையாது.”

“நீங்க அந்த ஊரப் பாத்திருக்கீங்களா?”

“கைப்புள்ளையா தூக்கிட்டு வந்தாங்க.”

“அப்பறம் என்னா ஊரு,” என்றாள் அவள். ரொட்டியைத் துணியிலேயே மடித்து வைத்துவிட்டு எழுந்து கூடையை மாட்டிக்கொண்டாள். நிரைக்குள் போய்க் கைகள் ஓடத் தொடங்கின. கொழுந்து மட்டும் வந்தது, முத்தல் ஒன்றுகூட இல்லை. அவன் காம்பராவுக்குத் திரும்பிச் சட்டி, கம்பளி, அவள் சேலை, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினான். நிறுவைக்கு முன்னால் போய்க் கிளாக்கரின் காலில் விழுந்தாவது அந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்துவிடலாம் என்று ஓடினான். கிளாக்கர் ஏற்கெனவே நிறுவைக் கொட்டிலில் நின்றிருந்தார், சுற்றிலும் பெண்கள்.

பங்களாப் பக்கமிருந்து காற்று அடித்தது. பின்கட்டில் அண்டா கொதிக்கிற நெடி, அந்தப் பூவின் நெடி, கொட்டில் முழுக்க வந்து நின்றது. சில பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

பாலம்மா கூடையை இறக்கினாள். பொன்னையா நிறுத்தார். கிளாக்கர் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, “பாலம்மா,” என்றார், “உன்ரை புருசனுக்குச் சீட்டு. அவனோட போறியோ, இஞ்ச இருக்கிறியோ? ரெண்டும் உன்ரை விருப்பம் எண்டு துரை சொல்லியிருக்கிறார். யோசிச்சுச் சொல்லு.”

அவள் திரும்பிச் சின்னமுத்துவைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். மறைத்துவிட்டாயே என்று கேட்கிற பார்வையா, மன்னித்துவிடு என்கிற பார்வையா என்று அவனுக்குப் புரியவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த கண். சிவப்பு இல்லை, கலக்கம் இல்லை. இத்தனை நாளும் அவன் திருடித் திருடித் தெளிய வைத்த கண்.

“நா இருக்கேங்க,” என்றாள்.

பொன்னையா தராசுக் கொக்கியைப் பிடித்தபடியே, “பாலம்மா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா? பொம்பள தனியா...” என்றார்.

“அவரு பெரிய ஆளு. எங்கயும் போயிப் பொழச்சுக்குவாரு. அவ சின்னப்புள்ள.”

கிளாக்கர் எழுதிக்கொண்டார்.

காம்பராவில் சின்னமுத்து மூட்டையை அவிழ்த்து அவளுடைய சேலை, அவளுடைய தட்டு, நெல்லிமரத்தடிக் கடையில் வாங்கிய சீப்பு எல்லாவற்றையும் எடுத்து அசைப் பலகையில் வைத்துவிட்டு மறுபடி கட்டினான். சின்ன மூட்டையாகிவிட்டது. பாலம்மா சோறாக்கினாள். அவனுக்கு அதிகமாகப் போட்டாள். வண்டியில் குளிரும் என்று தன் கம்பளியையும் மூட்டையின் மேல் வைத்தாள். அவன் வேண்டாம் என்றான், அவள் எடுக்கவில்லை.

மடியில் இருந்த அந்த ஒரு பிடிப் பூவை அவன் எடுத்தான். கடைசியாக ஒருதரம் தன் கையால் வைத்துக் கொடுக்கலாம் என்று அடுப்பில் தண்ணீர் வைத்தான். கொதி வருவதற்குள் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தான். பூ இல்லை, கசாயம் இல்லை. சாக்கில் ஒருக்களித்துப் படுத்து, கை விரல்கள் தளர்ந்து, அவள் தூங்கிவிட்டிருந்தாள். பக்கத்தைத் தடவிப் பார்க்கவும் எழவில்லை.

தண்ணீர் கொதித்து வற்றியது. அவளிடம் கேட்பதற்கு அவனிடம் ஒரேயொரு கேள்வி இருந்தது: நிறுவையில் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம்? எழுப்பினால் கேட்டுவிடலாம், விடிந்தால் நேரம் இருக்காது. கையை அவள் தோள் வரைக்கும் கொண்டுபோனான். எழுப்பவில்லை.